விடுவதற்கு ஒன்றுமில்லாதவள்

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி வந்தபோது சின்னவளுக்கு வயிறு எரிந்தது.

இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அக்காவுக்கு எது வந்தாலும் அவளுக்கு வயிறு எரிவதுதான் வழக்கம். சிறுவயதில் அக்காவுக்குப் புதுச்சட்டை வரும். சாயம் போன பிறகு அது இவளுக்கு வரும். அக்காவுக்கு இரும்புக்கடை முதலாளி புருஷனாக வந்தார். இவளுக்குப் பஸ் டிரைவர் வந்தார். அக்காவுக்கு மாடி வீடு வந்தது. இவளுக்கு யார் வீட்டு மாடிப்படிக்கோ கீழே தையல் மிஷின் போட்டுக்கொள்ள இடம் வந்தது. வீட்டில் கூப்பிட்ட பேர்கூட அப்படித்தான் அமைந்தது. அவள் பெரியவள், இவள் சின்னவள். அறுபதைத் தாண்டி, தலையும் நரைத்து, இனிமேல் அக்காவுக்கு வருவதற்கு என்ன பாக்கி இருக்கிறது என்று சின்னவள் கொஞ்சம் மூச்சு விட்ட நேரத்தில்தான் சர்க்கரை வந்தது.

வந்தது தனியாகவும் வரவில்லை, பரிவாரத்தோடு வந்தது. பெரியவளுக்குத் தனி டீ, தனி பிஸ்கட், தனி அரிசி. மருமகள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஆப்பிள் துண்டுகளைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். மகன் வெளியூரிலிருந்து விரலைக் குத்திப் பார்க்கும் கருவி அனுப்பினான். இரும்புக்கடை முதலாளி கல்லாவை விட்டு எழுந்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பூங்காவில் நடந்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படி நடந்ததாகச் சின்னவளுக்கு ஞாபகம் இல்லை.

"எனக்கு சுகர்டி. எதையும் வாயில வைக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்று பெரியவள் சொன்னாள். புது வளையலைக் காட்டுகிறவள் குரல் அது.

"ஐயோ பாவம்க்கா" என்றாள் சின்னவள். வீட்டுக்கு வந்து, ஒரு பேண்ட்டின் ஓரத்தை வேண்டிய அளவைவிடக் கூடுதலாக வெட்டிவிட்டாள்.

ஆண்டவன் ஒரேயடியாகக் கண்ணை மூடிக்கொள்வதில்லை. ஒருநாள் மிஷினில் உட்கார்ந்து ஜிப் மாற்றிக்கொண்டிருந்தபோது மிதிக்கிற பலகை ஈரமாக இருப்பதைப் பார்த்தாள். குனிந்தால் ரத்தம். உடைந்து கீழே விழுந்த ஊசி ஒன்று அவளுடைய கால் கட்டைவிரலின் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. எப்போது ஏறியது, யாருக்குத் தெரியும்? அவளுக்கு வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. மருந்துக்கடைக்காரர் ஊசியைப் பிடுங்கி, கட்டுப்போட்டு, என்னவோ யோசித்து விரலையும் குத்திப் பார்த்தார்.

"உங்களுக்கு சுகர் இருக்கும்மா. ரொம்ப நாளா இருந்திருக்கும் போல. கால் மரத்துப்போற அளவுக்கு விட்டுட்டீங்களே."

பயமாகத்தான் இருந்தது. அந்தக் கால்தான் அவளுக்குச் சோறு போடுகிற கால். மிஷினை மிதிக்காவிட்டால் அடுப்பு எரியாது. ஆனால் பயத்துக்குப் பின்னாலேயே, கொஞ்சமும் வெட்கம் இல்லாமல், ஒரு சந்தோஷமும் வந்து நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவுக்கு வந்த ஒன்று, சாயம் போகாமல், புத்தம் புதிதாக இவளுக்கும் வந்துவிட்டது.

டிரைவர் அதை நம்பவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவருக்கும் சர்க்கரை வந்திருந்தது. அதை ஓய்வூதியத்தோடு சேர்ந்த சலுகையாகவே அவர் நினைத்துவந்தார்.

"உனக்கா? உனக்கு எப்படி வரும்? நீதான் ஒண்ணுமே சாப்பிடறதில்லையே."

"ஏன், எனக்கு வரக்கூடாதா?"

"வரலாம், வரலாம். நிலையத்துல போய்க் கேட்டுப் பாரு. அவங்க ஒத்துக்கணும்."

அவர் சொன்ன நிலையத்தின் முழுப்பெயர் மூத்தோர் சர்க்கரை நல நிலையம். கண்ணாடிக் கதவு வைத்த மூன்று மாடிக் கட்டடம். வயதானவர்களின் வசதிக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் யாரோ கண்டுபிடித்துச் சொல்லப்போய், அந்தத் தொடர்பைக் கொண்டாடுவதற்காகக் கட்டப்பட்டது. என்ன தொடர்பு, யாருக்கு அதிகம் வருகிறது, யார் அதிகம் சாகிறார்கள் என்று மேற்கொண்டு படிப்பதற்குள் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதனால் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு, நோயாளிகளை வசதிப்படி மாடிகளில் பிரித்து வைத்தார்கள். வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: 'நாங்கள் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை.' பிரித்த பிறகுதான் பார்ப்பார்கள் என்பது உள்ளே போனால் தெரியும்.

உள்ளே போனதும் முதல் அறை நிலை அறை. அங்கே இருந்த நிலை அதிகாரி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு சின்னவளை அளந்தார்.

"முதல்ல உங்க நிலை என்னன்னு பாத்துடலாம். அப்புறம்தான் சர்க்கரை."

"சர்க்கரை பாத்தாச்சுங்க. மருந்துக்கடையிலயே பாத்தாரு. ரொம்ப இருக்குன்னாரு."

"மருந்துக்கடையில அளவு பாப்பாங்க. நாங்க தகுதி பாக்கறோம். வீட்டுல சாப்பாடு மிஞ்சுமா?"

"எப்பவாவது மிஞ்சும்."

"மிஞ்சினது யாருக்குப் போகும்?"

"எனக்குத்தாங்க."

"காலையில நடைப்பயிற்சி உண்டா?"

"தெருமுனைக் குழாய்க்குப் போய்த் தண்ணி தூக்கிட்டு வருவேன்."

"அது நடை. பயிற்சி இல்ல. வேலை?"

"தையல்."

"கடை இருக்கா? பேர்ப்பலகை?"

"மாடிப்படிக்குக் கீழ மிஷின் போட்டிருக்கேன். பலகையெல்லாம் இல்ல."

"அப்ப, வீட்டில் சும்மா இருப்பவர்."

"சும்மா எங்கங்க இருக்கேன்? விடிஞ்சு உக்காந்தா விளக்கு வைக்கிறவரைக்கும் மிஷின்ல..."

"உக்காந்துதானே இருக்கீங்க?" என்றார் அதிகாரி.

அவர் அவளுடைய விரலைக் குத்தினார். கருவியைப் பார்த்தார். அதை மேஜைமேல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த விரலைக் குத்தினார். கருவி இன்னும் கூடுதலாகக் காட்டியது. டிக்கெட் எடுக்காமல் முதல் வகுப்பில் உட்கார்ந்திருப்பவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"உங்க நிலைக்கு இவ்வளவு வரக்கூடாதும்மா."

"வந்துடுச்சுங்களே."

"ஆராய்ச்சிக்கு விரோதமா இருக்கு. இது உங்களோடதுதானா?"

"என் விரல்லதானேங்க குத்தினீங்க?"

அதிகாரி பெருமூச்சு விட்டார். போனால் போகிறது என்று அவளைத் தரைத்தளத்தில் சேர்த்துக்கொண்டார். இரும்புக்கடை முதலாளியின் மனைவிக்கு மூன்றாம் மாடி. டிரைவர் குடும்பத் தலைவர் என்பதால் அவருக்கு நடு மாடி. "அவர் பொண்டாட்டிதாங்க நான்" என்று சின்னவள் ஞாபகப்படுத்திப் பார்த்தாள். "அதனாலதாம்மா தரைத்தளம். இல்லன்னா வாசல்லயே அனுப்பியிருப்போம்" என்றார் அதிகாரி, மிகுந்த மரியாதையோடு.

தரைத்தளத்தில் வாய்ப் பிரிவு இருந்தது. அங்கே உணவு ஆலோசகர் என்ற அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நிலையத்தின் வைத்திய முறையை அவர்தான் முதன்முதலில் அவளுக்கு விளக்கினார். சர்க்கரை என்பது அனுபவித்தவர்களுக்கு வருவது. அனுபவித்ததை விட்டுவிட்டால் அது அடங்கும். ஆகவே ஒவ்வொரு நோயாளியும் நிலையம் அவ்வப்போது நடத்தும் விழாவில் மேடை ஏறி, சபையறிய, எதையாவது விடவேண்டும். அப்படி விட்டவர்களுக்கே மூன்றாம் மாடியில் இருக்கும் பாத அறைக்குள் போக அனுமதி உண்டு. அங்கே பாத நிபுணர் காலைத் தொட்டுப் பார்ப்பார், புண்ணைச் சுத்தம் செய்வார், பஞ்சு போன்ற செருப்பும் கொடுப்பார்.

"நீங்க என்ன விடறீங்க?" என்று கேட்டார் ஆலோசகர்.

"எதை விடணுங்க?"

"ஐஸ்கிரீம்?"

"பழக்கம் இல்லைங்க."

"முந்திரி, பாதாம்?"

"பாத்திருக்கேன். எங்கக்கா வீட்டுல."

"பாக்கறதை விட முடியாது. சாக்லேட்? சிகரெட்? மத்தியானத் தூக்கம்?"

"தூங்கினா துணி யாருங்க தைக்கறது?"

"டீயில சர்க்கரை போடுவீங்கல்ல? அதை விடுங்க."

"மாசக் கடைசியில போடறதில்லைங்க."

ஆலோசகர் பேனாவை வைத்துவிட்டார். "அம்மா, நல்லாப் புரிஞ்சுக்கோங்க. மாசக் கடைசியில போடாதது வறுமை. எங்க கணக்குல அது வராது. துறவுன்னா பொருள் எதிர்ல இருக்கணும், ஆசை இருக்கணும், அப்புறம் வேண்டாம்னு சொல்லணும். ஒண்ணுமே இல்லாதவங்க எப்படித் துறக்க முடியும்? உங்களை மாதிரி ஆளுங்களாலதான் எங்க வெற்றி விகிதம் குறையுது."

சின்னவளுக்கு அழுகை வந்தது. காலைத் தூக்கி நாற்காலி விளிம்பில் வைத்து, கட்டைக் காட்டினாள். "இங்க பாருங்கம்மா. ஊசி ஏறினதுகூடத் தெரியல. புண்ணு ஆறவே மாட்டேங்குது. யாராவது ஒருதடவை பாத்துச் சொன்னீங்கன்னா போதும்."

ஆலோசகர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "காலைக் கீழ இறக்குங்க. கால் மூணாவது மாடி. நான் வாய்."

அன்று சாயங்காலம் டிரைவர் கட்டிலில் படுத்து, பாதங்களை ஆட்டிக்கொண்டிருந்தார். பளபளவென்ற பாதங்கள். அந்தப் பாதங்களுக்கு ஒரு குறையும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் விடுவதற்கு அவரிடம் சொத்துச் சேர்ந்திருந்தது. சிகரெட், பீர், சீட்டாட்டத்தோடு சேர்ந்த வறுத்த கடலை என்று எல்லாவற்றையும் நாற்பது வருஷம் குறைவில்லாமல் சேர்த்து வைத்திருந்தார். விழாவுக்கு விழா மேடையேறி அதே சிகரெட்டை விடுவார். சபை கைதட்டும். நிபுணர் காலுக்குக் களிம்பு தடவுவார். திரும்பி வரும் வழியில் அடுத்த விழாவுக்காக ஒன்று பற்றவைத்துக்கொள்வார்.

"கூச்சமா இருந்துச்சுடி, அவரு பாதத்தைத் தடவும்போது" என்றார்.

சின்னவள் அந்தப் பாதங்களைப் பார்த்தாள். அக்காமேல் மட்டும்தான் பொறாமைப்படத் தெரியும் என்று நினைத்திருந்தாள். புருஷன்மேலும் வந்தது. அவருடைய குதிகால்மேல் தனியாக வந்தது. தான் கண்ணும் கருத்துமாக இருந்து என்ன கிடைத்தது, ஒரு கெட்ட பழக்கத்தையாவது வைத்திருந்திருக்கலாமே என்று உள்ளபடியே வருந்தினாள்.

நிலையமும் அதே முடிவுக்கு வந்திருந்தது. ஒத்துழைக்காதவர்கள் தரைத்தளத்தில் அதிகமாகிவிட்டார்கள். எல்லோரும் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதிலும் கிழவிகள்தான் அதிகம். பார்த்தார் இயக்குநர். பழக்க உருவாக்கத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தார். விடுவதற்கு ஒன்றும் இல்லாதவர்களுக்கு நிலையமே ஒரு பழக்கத்தை வழங்கும். அவர்கள் அதை நன்றாக வளர்த்து, பிறகு மேடையில் விடலாம். இடையில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஏறினால்தானே இறங்கியதைக் காட்ட முடியும் என்று அவர் கேட்டபோது, கூட்டம் கைதட்டித் திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

சின்னவளுக்கு கேக் வழங்கப்பட்டது. மேலே வெண்ணெய்ப் பூ வைத்த, ஈரமான, நல்ல கேக். தினமும் சாப்பிட்டு, அது இல்லாமல் முடியாது என்கிற நிலைக்கு வரவேண்டும் என்பது உத்தரவு.

முதல் பெட்டியை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேராக அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

பெரியவள் கூடத்து சோபாவில் சாய்ந்திருந்தாள். முன்னால் கிண்ணத்தில் வெள்ளரிக்காய். சின்னவள் பெட்டியைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து, அவசரமே இல்லாமல் வாயில் வைத்தாள். அக்கா பார்க்க, தான் சாப்பிட, இப்படி ஒரு நாள் வரும் என்று யார் நினைத்தார்கள்!

"என்னடி இது?"

"டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்காங்க."

"சுகருக்கா?"

"ஆமா. எனக்கு வந்திருக்கறது வேற மாதிரி."

பெரியவளின் தொண்டை ஏறி இறங்கியது. மருமகள் அடுப்படியில்தான் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "ஒரு ஓரம் குடுடி. பூ வேண்டாம். சும்மா ஓரம்."

"உனக்கு ஆகாதுக்கா" என்றாள் சின்னவள். அவ்வளவு அன்பாக அவள் அக்காவிடம் பேசியதே இல்லை.

பெரியவள் கேக்கிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாமல் எடுத்து, கீழே பார்த்தாள். "கால்ல என்ன இவ்வளவு பெரிய கட்டு? வீங்கியிருக்கேடி."

"ஊசி."

"நிபுணர்கிட்ட காட்டினியா?"

"காட்டுவேன்."

"எப்பக் காட்டுவே? இங்க பாரு, நாளைக்கு எனக்கு மூணாவது மாடியில முறை இருக்கு. கூட வா. என் துணைக்கு வந்திருக்கேன்னு சொல்லி உன்னையும் உள்ள கூட்டிட்டுப் போறேன். எனக்குப் பாக்கறப்ப அப்படியே உன்னோடதையும் பாக்கச் சொல்றேன்."

துணைக்கு! கேக் வாயிலேயே நின்றுவிட்டது. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றாள், துணைக்கு. அக்கா பிரசவத்துக்குப் போய் ராப்பகலாகக் கண் விழித்தாள், துணைக்கு. இப்போது வியாதியிலும் துணைக்கா?

"நான் யாருக்கும் துணைக்கு வரமாட்டேன்க்கா. எனக்கே வியாதி இருக்கு. நோயாளியாத்தான் வருவேன்."

"அடிப் பைத்தியக்காரி, காலைப் பாருடி முதல்ல."

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தாள். கோபத்தில் கால் எங்கே படுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபம் இல்லாவிட்டாலும் தெரிந்திருக்காது.

கேக் தீர்ந்ததும் நிலையத்தில் பழக்கத் தேர்வு வைத்தார்கள். ஆலோசகர் அம்மாள் ஒரு துண்டு கேக்கை மேஜைமேல் வைத்து, அவளுடைய முகத்துக்கு நேராக நகர்த்தினார்.

"கை நடுங்குதா?"

"இல்லைங்க."

"நாக்குல தண்ணி ஊறுதா?"

"நல்லாத்தாங்க இருந்துச்சு. ஆனா..."

"இது இல்லாம இருக்க முடியுமா?"

சின்னவள் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷம் எது எது இல்லாமல் இருந்தாள் என்று நினைத்துப் பார்த்தபோது, அந்தக் கேள்வியே அவளுக்கு விளையாட்டாகப் பட்டது.

"முடியுங்க" என்றாள்.

"தேறவில்லை" என்றார் ஆலோசகர். "இன்னொரு மாசம் சாப்பிடுங்க. மனசு வைச்சுச் சாப்பிடுங்க."

அந்த இன்னொரு மாசம் முழுசாக ஓடவில்லை. கட்டைவிரல் கறுத்தது. காய்ச்சல் வந்தது. டிரைவர் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே நிலை கேட்கவில்லை, நேரமும் இருக்கவில்லை. மயக்கம் தெளிந்து பார்த்தபோது கட்டைவிரல் இருந்த இடம் கட்டுக்குள் சப்பையாக இருந்தது. மிஷினை மிதிக்கும்போது முதலில் அழுத்துகிற விரல் அது.

"புண்ணு வந்தப்பவே காலை யாராவது ஒழுங்கா பாத்திருந்தா இது போயிருக்காதும்மா" என்றார் அங்கே இருந்த டாக்டர். "இனிமேலாவது அடிக்கடி பாத நிபுணர்கிட்ட காட்டுங்க. மத்த விரலையாவது காப்பாத்தணும்."

சின்னவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். விரலுக்காகவும் அழுதாள், அக்கா கூப்பிட்டபோது போகாததற்காகவும் அழுதாள். ஆனால் அக்கா பார்க்க வந்தபோது, மழைக்கு வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். விரல் போனது அக்காவுக்குத் தெரியக்கூடாது. அன்றைக்கே சொன்னேனே என்று அந்த வாய் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு பத்து விரல் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அடுத்த விழாவுக்குத் தரைத்தளத்துக்காரர்களையெல்லாம் கட்டாயம் வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். விழாவில் அவர்களுடைய பொறுப்பு கைதட்டுவது. கைக்கும் அது நல்ல பயிற்சி என்று சொல்லப்பட்டது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, கடைசி வரிசையில், தன்னைப் போன்ற கிழவிகளுக்கு நடுவில் சின்னவள் உட்கார்ந்தாள். முன்வரிசையில் மூன்றாம் மாடிக்காரர்கள் இருந்தார்கள். அங்கே அக்காவின் கொண்டை தெரிந்தது.

இயக்குநர் பேச எழுந்தார். அவருக்கு நல்ல குரல், அது அவருக்கும் தெரியும்.

"பெரியோர்களே, தாய்மார்களே! சர்க்கரை ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை. அது பார்க்காத காரணத்தால்தான் அந்தப் பொறுப்பை நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மூன்றாம் மாடியில் பாருங்கள், எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். இது எங்கள் சிகிச்சையின் வெற்றி. தரைத்தளத்தில் சிலர் நலமாக இல்லை. இது அவர்களுடைய ஒத்துழைப்பின் தோல்வி. வெற்றி எங்களுடையதாகவும் தோல்வி அவர்களுடையதாகவும் இருக்கும்வரை இந்த நிலையத்தை யாராலும் அசைக்க முடியாது!"

கடைசி வரிசை கைதட்டியது.

பெரியவள் மேடையேறினாள். இனிமேல் வெளிநாட்டுச் சாக்லேட்டைத் தொடுவதில்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது, முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பூங்கொத்து கொடுத்தார்கள். இரும்புக்கடை முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார். சின்னவளும் தட்டினாள். உள்ளங்கை எரிகிற மாதிரி தட்டினாள். வயிறு அதைவிட எரிந்தது.

டிரைவர் சிகரெட்டை விட்டார்.

பிறகு இயக்குநர், அன்றைக்கு வந்திருந்த புகைப்படக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தரைத்தளத்திலிருந்து யாராவது? ஒரே ஒருவர்? எதையாவது விட்டவர்கள் உண்டா?" என்று கேட்டார். கிழவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரிடமும் ஒன்றும் இல்லை.

சின்னவள் கைத்தடியை ஊன்றி எழுந்தாள். ஏன் எழுந்தாள் என்று கேட்டால் பாத அறைக்காக என்று சொல்லலாம். அது பொய்யில்லை. ஆனால் அக்காவின் மடியில் அந்தப் பூங்கொத்து இருந்தது, அதுவும் பொய்யில்லை.

மேடையில் ஒலிபெருக்கியை அவளுடைய உயரத்துக்கு இறக்கினார்கள்.

"நீங்க என்னம்மா விட்டீங்க?" என்றார் இயக்குநர்.

"கால் விரலுங்க" என்றாள் சின்னவள்.

அவருக்குச் சரியாக விளங்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றி, துணியை விலக்கி, மேடை விளிம்பில் பாதத்தை வைத்தாள். முன்வரிசை பின்னால் சாய்ந்தது. சின்னவள் கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இப்போது வெளியே துரத்திவிடுவார்கள் என்று நினைத்தாள்.

இயக்குநர் ஒரு நொடிதான் தடுமாறினார். அனுபவஸ்தர்.

"இதுவல்லவா துறவு!" என்று முழங்கினார். "ஒருவர் சாக்லேட்டை விட்டார், ஒருவர் சிகரெட்டை விட்டார். கடையிலே வாங்கியதை யார் வேண்டுமானாலும் விடலாம். இந்தத் தாய், கூடப்பிறந்ததையே விட்டிருக்கிறார்! ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை என்று கையை விரிக்கும் தரைத்தளத்து மக்களே, பாருங்கள். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியவில்லை!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசை எழுந்து நின்றது. புகைப்படக்காரர் மண்டிபோட்டுப் பாதத்தைப் படம் எடுத்தார். ஒரு பூங்கொத்து வந்தது, அக்காவினுடையதைவிடப் பெரியது. ஆலோசகர் அம்மாள் பின்னால் ஓடிவந்து, தான்தான் இவருக்கு ஆலோசனை சொன்னதாக இயக்குநரின் காதில் சொன்னார்.

சின்னவள் கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தைத்தான் தேடினாள். பெரியவளும் எழுந்துதான் நின்றாள். முதலில் அவள் முகம் வெளிறியது, வாயைப் பொத்திக்கொண்டாள், கண் நிறைந்தது. தங்கச்சியின் காலைப் பார்த்த அக்காவின் முகம் அது. பிறகு சுற்றிலும் பார்த்தாள். இரும்புக்கடை முதலாளி சின்னவளைப் பார்த்துக் கை வலிக்கத் தட்டிக்கொண்டிருந்தார். பெரியவள் தன் மடியிலிருந்து நழுவிய பூங்கொத்தைக் குனிந்து எடுத்தாள். நிமிர்ந்தபோது அவள் உதடு லேசாகக் கோணியிருந்தது. அந்தக் கோணலைச் சின்னவள் கண்ணாடியில் அறுபது வருஷமாகப் பார்த்துவருகிறாள். அக்காவின் முகத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கேக்கெல்லாம் ஒரு இனிப்பா!

அவளை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாத அறையில் மெத்தை வைத்த நாற்காலி, வெந்நீர், மணக்கும் துண்டு. பாத நிபுணர் முன்னால் உட்கார்ந்து, அவளுடைய பாதத்தை இரண்டு கையாலும் ஏந்தி, ஒவ்வொரு விரலாக அழுத்தி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"இவ்வளவு நாள் எங்கம்மா இருந்தீங்க?"

"கீழதாங்க" என்றாள் சின்னவள்.

அவர் பஞ்சுச் செருப்பை எடுத்து வந்தார். எடுத்து வந்தவர், அதைப் போட்டுவிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் மெதுவாகப் பேசினார்.

வெளியே நடைவழியில் பெரியவள் காத்திருந்தாள். கண் சிவந்திருந்தது. கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள்.

"என்கிட்டகூட மறைச்சிட்டியேடி. என்ன சொன்னாரு?"

"பக்கத்து விரலும் நிறம் மாறியிருக்காம். அதையும் எடுக்கணுமாம்."

பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்ல வந்தாளோ, அது வரவில்லை. வந்தது வேறு.

"அப்ப அடுத்த விழாவுலயும் நீதானா?" என்றாள்.

"ஆமா. நான்தான்" என்றாள் சின்னவள், தலையை நிமிர்த்தி.

அந்தக் குரலில் இருந்த பெருமை அவளுடைய காதிலேயே விழுந்தது. யாருடைய குரல் இது என்று ஒரு கணம் திகைத்தாள். தன்னுடையதுதான் என்று தெரிந்தபோது அவளுக்குப் பயம் வந்தது.